அண்ணன்மார் கதை: பல கைகள் மாறிய வீரர்களும் மாறாத மையமும்

அண்ணன்மார் கதை கொங்கு நாட்டில் உடுக்கைப் பாட்டாக வழங்கிவரும் நெடுங்கதை. பொன்னர், சங்கர் என்னும் இரட்டைச் சகோதரர்களும் அவர்களுடன் பிறந்த தங்கை தங்காளும் இதன் முதன்மை மாந்தர்கள். பொன்னர்-சங்கர் கதை, அண்ணன்மார் சாமி கதை, குன்னுடையான் கதை என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. இது உடுக்கைப் பாட்டு, ஓலைச்சுவடி, அச்சு நூல், ஆய்வு நூல், நாவல், திரைப்படம், படக்கதை, அசைபடம் எனப் பல வடிவங்களை எடுத்திருக்கிறது. ஒவ்வொரு வடிவத்தையும் உருவாக்கியவர்கள் வேறு வேறு நோக்கம் கொண்டவர்கள். ஆயினும் கேட்பவர்களுக்கு இவர்கள்தான் அண்ணன்மார் என்று உடனே தெரிந்துவிடுகிறது. எதை மாற்றினாலும் அவர்கள் அண்ணன்மாராகவே இருக்கிறார்கள், எதை மாற்றினால் இல்லாமற்போகிறார்கள் என்ற கேள்விக்கு இக்கதையின் வரலாறு ஒரு விடை தருகிறது.

கதை வழங்கும் நிலம்

சேலத்திலிருந்து தெற்கே ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம், திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என விரிந்து காவிரிக் கரையில் முடியும் சமவெளி, மரபான கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதி. கொங்கு நாடு 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. அவற்றுள் பருத்திப்பள்ளி நாடு, ராசிபுர நாடு, ஏழூர் நாடு, வாழவந்தி நாடு ஆகியவை இந்தச் சமவெளியைச் சேர்ந்தவை.

இவற்றுள் வாழவந்தி நாடு அண்ணன்மார் கதையுடன் நேரடித் தொடர்புள்ளது. பொன்னர், சங்கரின் தாய் தாமரை பிறந்த நாடாகக் கதை சொல்வது இதைத்தான். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் மோகனூர்ப் பகுதியில் வாழவந்தி என்னும் ஊர்ப்பெயர் இன்னும் வழங்குகிறது. வீரர்கள் ஆண்ட பொன்னிவளநாடு திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறைக்கு அருகிலுள்ள வளநாடு பகுதி என்று கொள்ளப்படுகிறது. அவர்கள் மாண்ட இடமாக மக்கள் கருதும் வீரப்பூரும் மணப்பாறைப் பகுதியிலேயே உள்ளது. ஆக, சேலம்-நாமக்கல் சமவெளி இக்கதையின் தாய்மாமன் வீடு. கதை நிகழும் களம் அதற்குத் தெற்கே, ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது.

கதைச் சுருக்கம்

பெற்றோரை இழந்து, அடுத்தவர் வீட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவர் குன்னுடையான். சில வடிவங்கள் இவரை நெல்லியங்கோடன் என்று அழைக்கின்றன. இவர் மாமன் மகள் தாமரையை மணந்து, பங்காளிகளின் பகையைத் தாண்டித் தன் நிலத்தை மீட்கிறார். நெடுங்காலம் பிள்ளை இல்லை. தாமரை 21 ஆண்டுகள் தவமிருந்து சிவனிடம் வரம் பெறுகிறாள். பொன்னர், சங்கர், தங்காள் என மூன்று குழந்தைகள் ஒரே பேற்றில் பிறக்கின்றன. ஆண் பிள்ளைகளுக்கு ஆயுள் 16 ஆண்டுகள் என்பது வரத்தோடு சேர்ந்து வந்த வரையறை.

பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லப் பங்காளிகள் சூழ்ச்சி செய்கிறார்கள். குழந்தைகள் காப்பாற்றப்பட்டு மறைவாக வளர்கின்றனர். திரும்பி வந்ததும் பங்காளிகளை அடக்கி நாட்டை ஆள்கின்றனர். பொன்னர் பொறுமையும் நிதானமும் உடையவர். சங்கர் எவருக்கும் அஞ்சாத பலசாலி, சினம் மிகுந்தவர். இருவருக்கும் திருமணம் நடக்கிறது. ஆனால் மனைவியரைத் தீண்டாமலேயே அவர்கள் வாழ்கின்றனர். சாம்புகன் என்னும் பணியாளர் எப்போதும் அவர்களுடன் நிற்கிறார்.

பின்னர் வேட்டுவர்களுடன் பகை மூள்கிறது. கொம்பன் என்னும் மாபெரும் காட்டுப்பன்றி வயல்களை அழிக்கிறது. அதை வேட்டையாடச் சென்ற சங்கர், பொன்னாச்சி என்னும் சிறிய பெண் நாயை வீட்டிலேயே விட்டுச் செல்கிறார். புறக்கணிக்கப்பட்ட நாயின் சாபத்தால் படை நோயில் விழுகிறது. சங்கர் தன் தவறை ஒப்புக்கொண்டு அதை அழைத்த பின்னரே பன்றி வீழ்கிறது. அதைத் தொடர்ந்த போரின் முடிவில், மாயவர் எய்த அம்பு தன் மேல் படுவதைக் கொண்டு காலம் முடிந்ததைச் சங்கர் உணர்கிறார். பகைவர் கையால் அல்லாமல் தன் வாளிலேயே பாய்ந்து உயிர்விடுகிறார். தம்பியைக் கண்ட பொன்னரும் அவ்வாறே மாள்கிறார்.

தங்காள் அண்ணன்மாரின் மரணத்தைக் கனவில் காண்கிறாள். அரண்மனைக்குத் தீவைத்துவிட்டு அவர்களைத் தேடிக் காடெங்கும் அலைகிறாள். வீரமலையில் தவமிருக்கும் பெரியகாண்டியம்மனின் துணையோடு உடல்களைக் கண்டடைந்து எழுப்புகிறாள். எழுந்த அண்ணன்மார் அவளோடு சிறிது நேரம் பேசுகிறார்கள். தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி மீண்டும் மாள்கிறார்கள்.

பாட்டிலிருந்து தாளுக்கு

உடுக்கைப் பாட்டில் ஒருவர் உடுக்கை அடித்துப் பாடுவார், இன்னொருவர் பின்பாட்டுப் பாடுவார். பாட்டும் வசனமும் மாறிமாறி வரும். ஓர் இரவில் கதை முடியாது. கேட்பவர்களுக்கு நேரம் இருந்தால் பன்றி வேட்டை ஓர் இரவு முழுக்க நீளும், இல்லாவிட்டால் சுருங்கும். எந்த ஊரில் பாடுகிறாரோ அந்த ஊரின் சாமிகளும் காப்புப் பாட்டில் சேர்வர். இந்த நிலையில் கதைக்கு ஒரே மூலம் என்று எதையும் சுட்ட முடியாது. ஒவ்வொரு பாடலும் அன்றிரவுக்கான புதிய ஆக்கம்.

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் அருகிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கிக் களஆய்வு செய்தார். அங்கே 1965இல் ராமசாமி என்னும் பாடகர் 18 இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதியெடுத்த வடிவமும் பின்னர் கிடைத்தது. ஒரே மனிதர், ஒரே கதை, ஆனால் இரண்டு வடிவங்கள். எதிரே ஊர் உட்கார்ந்திருக்கும்போது பாடுவதும், எழுதுபவருக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது. பெக் இக்கதையை ஆராய்ந்து எழுதிய 'தி த்ரீ ட்வின்ஸ்' என்னும் நூல் 1982இல் வெளிவந்தது. பாடலின் தமிழ் வடிவமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக வந்தன.

தமிழில் கவிஞர் சக்திக்கனல் ஓலைச்சுவடியை அடிப்படையாகக் கொண்டு பதிப்பித்த 'அண்ணன்மார் சுவாமி கதை' 1971இல் கோவையில் வெளியானது. அச்சில் வந்ததும் கதைக்கு ஒரு நிலைத்த வடிவம் கிடைத்தது. இனி ஒருவர் பாடியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரியா தவறா என்று சொல்ல வழி ஏற்பட்டது. அதற்கு முன் அந்த அதிகாரம் கேட்பவர்களின் நினைவிடம் மட்டுமே இருந்தது.

நாவலும் திரையும்

1980களில் மு. கருணாநிதி இக்கதையைப் 'பொன்னர்-சங்கர்' என்னும் நாவலாக எழுதினார். பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் ஒருவர், சாமியாக வழிபடப்படும் வீரர்களின் கதையை எடுத்துக்கொண்டபோது அது வரலாற்று நாவலின் தன்மையைப் பெற்றது. கைலாயமும் தவமும் பின்னுக்குச் சென்றன. நாடுகள், கோட்டைகள், சூழ்ச்சிகள், போர்ப் பயிற்சி ஆகியவை முன்னுக்கு வந்தன.

அந்நாவலை அடிப்படையாகக் கொண்டு தியாகராஜன் இயக்கிய 'பொன்னர் சங்கர்' திரைப்படம் 2011 ஏப்ரலில் வெளியானது. கதை, திரைக்கதை, உரையாடல் கருணாநிதியுடையவை. இளையராஜா இசையமைத்தார். பொன்னராகவும் சங்கராகவும் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்தார். பாட்டு மரபில் தெய்வத்தின் காவலுக்கு இருக்கும் இடம், திரையில் ராக்கியண்ணன் என்னும் ஆசானின் வளர்ப்புக்கும் பயிற்சிக்கும் கிடைத்தது. மனைவியரைத் தீண்டாத வீரர்கள் என்னும் பாட்டு மரபுக்கு மாறாக, கதாநாயகிகளும் காதல் பாடல்களும் சேர்ந்தன.

இந்த மாற்றங்களைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த வடிவத்தின் தேவையிலிருந்து வந்தது. நாவலுக்கு நம்பத்தக்க காரணங்கள் வேண்டும். திரைப்படத்துக்குக் கதாநாயகி வேண்டும். உடுக்கைப் பாட்டுக்கும் அதற்கே உரிய தேவைகள் இருந்தன. அது வழிபாட்டின் பகுதி என்பதால் அதற்குத் தெய்வங்கள் வேண்டும். ஆகவே பாட்டு மூலம், மற்றவை திரிபு என்று பிரிப்பது முழு உண்மை ஆகாது. பாட்டும் ஒரு வடிவமே.

படக்கதை வீரர்களாக

பிரெண்டா பெக் தாம் பதிந்த பாடலை அடிப்படையாகக் கொண்டு 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடர் ஒன்றை உருவாக்கினார். 'தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்பது அதன் பெயர். ஆங்கிலத்திலும் தமிழிலும் அமைந்த இத்தொடர் படக்கதை நூல்களாகவும் வந்தது. ஓலப்பாளையத்தில் 18 இரவுகள் உடுக்கையோடு கேட்ட சங்கர், இப்போது படக்கதைச் சட்டங்களுக்குள் வாள் வீசுகிறார்.

படக்கதைக்குள் நுழைந்ததும் அண்ணன்மார் ஒரு வேறு கூட்டத்தின் நடுவே வந்து நிற்கிறார்கள். அங்கே ஏற்கெனவே உலகம் அறிந்த சாகச வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பல கைகள் மாறியவர்களே.

ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் உருவாக்கிய சூப்பர்மேன், 1938 ஜூன் எனத் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் தோன்றினார். அதன் உரிமையை அவர்கள் 130 டாலருக்கு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டனர். தொடக்கத்தில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. உயரத் தாவ மட்டுமே தெரியும். பறக்கும் ஆற்றல் பின்னர் வந்தது. அவரைப் பலவீனப்படுத்தும் கிரிப்டோனைட் என்னும் கல் படக்கதையில் பிறக்கவில்லை. 1943இல் வானொலித் தொடரில் முதலில் தோன்றி, 1949இல்தான் படக்கதைக்கு வந்தது. இன்று அந்தக் கல் இல்லாத சூப்பர்மேனை நினைத்துப் பார்ப்பது கடினம். உருவாக்கியவர்கள் எண்ணியிராத ஒன்று, பாத்திரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் கென் புல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைய, லூயிஸ் கிராண்டெல் என்னும் பாத்திரம் தோன்றியது. மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும். முதலில் குற்றவாளியாக இருந்தவர், டாம் டல்லி எழுதத் தொடங்கிய பின் உளவாளியாகி, ஒரு கட்டத்தில் தனி உடை தரித்த சாகச வீரரும் ஆனார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழை 'இரும்புக்கை மாயாவி' என்றே வெளியிட்டது. பெயர், மொழி, நாடு மாறியும், காற்றில் மிதந்து வரும் ஒற்றை இரும்புக் கை மாறவில்லை. தமிழ்ச் சிறுவர்களுக்கு அந்தக் கை போதுமானதாக இருந்தது.

சூப்பர்மேனுக்கும் மாயாவிக்கும் உரிமையாளர்கள் உண்டு. எது அதிகாரபூர்வமான கதை என்று இறுதியில் சொல்வது நிறுவனம். அண்ணன்மாருக்கு அப்படி உரிமையாளர் எவரும் இல்லை. எனவே அவர்களை ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது எது என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது.

மாறக்கூடியவை

பல வடிவங்களையும் அருகருகே வைத்தால், எவையெல்லாம் மாறியும் கதை நிற்கிறது என்பது தெரிகிறது. தந்தையின் பெயர் மாறுகிறது. குழந்தைகளைக் காத்தவர் ஒரு வடிவத்தில் தெய்வம், இன்னொன்றில் மனிதர். சில வடிவங்களில் அண்ணன்மார் பாண்டவர்களின் மறுபிறவி. மகாபாரதத்துக்கும் இக்கதைக்கும் உள்ள உறவை ஆல்ஃப் ஹில்டெபெய்டெல் 1999இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆனால் பாண்டவர் தொடர்பு அழுத்தம் பெறாத வடிவங்களிலும் கதை குறைவுபடவில்லை.

பகைவர்களும் மாறுகிறார்கள். இது அத்தனை சிறிய மாற்றம் அன்று. வேளாண்மை செய்யும் குடிகள் காட்டைத் திருத்தி வயலாக்கியதும், அந்தக் காட்டில் வாழ்ந்த வேட்டுவர்கள் அதை எதிர்த்ததும் கதையின் அடியில் கிடக்கும் மோதல். வேளாளர் நோக்கில் பாடும்போது தலையூர்க் காளி பகைவன். அவரைத் தங்கள் முன்னோராகவும் தலைவராகவும் போற்றும் வேட்டுவக் கவுண்டர்களின் நோக்கில் அவர் தம் நிலத்தைக் காத்த வீரர். வயலை அழித்த கொம்பன் பன்றியும் காட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்டின் ஆயுதம். ஒரே கதைக்குள் இரண்டு நாட்டு நியாயங்கள் இருப்பதால்தான் ஒரு வடிவம் இன்னொரு சமூகத்தைப் புண்படுத்தவும் கூடும்.

சாம்புகனின் இடமும் அப்படிப்பட்டதே. ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பறை முழக்குபவராக அவரைக் கதை காட்டுகிறது. போரில் அவர் காட்டும் வீரம் அண்ணன்மாருக்குக் குறைந்ததல்ல. அதை எசமான விசுவாசத்தின் புகழாகப் பாடலாம். ஆளும் உரிமை இல்லாத ஒருவர் ஆள்பவர்களுக்காக உயிர் கொடுத்ததாகவும் படிக்கலாம். அண்ணன்மார் கோயில்களில் சாம்புகனுக்கும் இடம் உண்டு. அந்த இடத்தின் பொருள் என்ன என்பதை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயரில் இருக்கும் பார்வை

இக்கதையின் மூன்று தலைப்புகளை ஒப்பிட்டால் மாறாத ஒன்று எது என்பதற்கு முதல் தடயம் கிடைக்கிறது. நாவலும் திரைப்படமும் 'பொன்னர் சங்கர்' என்று பெயர் கொண்டவை. அது இரு வீரர்களின் பெயர். பெக்கின் ஆங்கில நூல் மூன்று இரட்டையர் என்று பொருள்படும் தலைப்பைச் சூடியது. அதில் தங்கையும் எண்ணிக்கையில் சேர்கிறாள். ஊர்களில் வழங்கும் பெயரோ 'அண்ணன்மார்'.

அண்ணன்மார் என்றால் யாருடைய அண்ணன்மார்? தங்காளின் அண்ணன்மார். அதாவது ஊர் வழக்கில் கதையின் பெயரே தங்கையின் வாயிலிருந்து வருகிறது. வீரர்களை அவர்களின் பெயராலோ பட்டத்தாலோ அழைக்காமல், ஒரு பெண் அழைக்கும் முறைப்பெயராலேயே ஊர் அழைக்கிறது. ஆண், பெண், முதியவர், சிறுவர் அனைவரும் 'அண்ணன்மார் சாமி' என்னும்போது, சொல்லளவில் அனைவரும் தங்காள் நிற்கும் இடத்தில் நிற்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் கதையின் அமைப்பு வேறாகத் தெரிகிறது. சங்கரின் பலம், பன்றி வேட்டை, போர் ஆகியவை கதையின் பெரும்பகுதியை நிரப்புகின்றன. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. வீரர்கள் இருவரும் இறந்த பிறகு, ஒரு பெண் தனியாகக் காட்டில் நடப்பதில்தான் அதன் கடைசிப் பகுதி இருக்கிறது.

படுகளம்

அண்ணன்மார் கதை பாடப்படும் கொங்கு ஊர்களிலும் வீரப்பூரிலும் படுகளம் என்னும் சடங்கு நடைபெறுகிறது. இதே சொல் வட தமிழகத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களிலும் உண்டு. அங்கே அது துரியோதனன் வீழும் களம். கொங்கு நாட்டில் அது அண்ணன்மார் வீழ்ந்த களம். வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயில் மாசிப் பெருந்திருவிழாவில் படுகளமும், வேட்டையை நினைவுகூரும் வேடபரியும் நடக்கின்றன.

பாடகர் வீரர்களின் இறுதியைப் பாடும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் வந்து மாண்டவர்களைப்போலத் தரையில் விழுகிறார்கள். இதைப் படுகளம் விழுதல் என்பர். விழுந்தவர்கள் அசைவின்றிக் கிடக்கிறார்கள். தங்காளின் புலம்பல் பாடப்படுகிறது. பின்னர் தங்காளின் இடத்தில் நிற்பவர் தீர்த்தம் தெளித்து அவர்களை ஒவ்வொருவராக எழுப்புகிறார். உறவினர்கள் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். விழுந்து கிடப்பவர் அந்த ஊர்க்காரர், அவர்கள் வீட்டு மனிதர். அவர் எழுந்திருப்பாரா என்ற பதற்றம் கதைக்குள் மட்டும் இருப்பதில்லை.

கதை எத்தனை கைகள் மாறினாலும் எது மாறக்கூடாது என்பதை ஊர் காத்துவைத்திருப்பது இங்கேதான். எந்த ஆசிரியரும் பதிப்பாளரும் அதை எழுதிவைக்கவில்லை. இந்தச் சடங்கு நடக்க வேண்டுமானால் கதையில் சில செய்திகள் இருந்தே ஆக வேண்டும். அண்ணன்மார் இருவராக இருக்க வேண்டும், ஏனெனில் ஒருவரின் வீழ்ச்சியைப் பார்த்து மற்றவர் வீழ்கிறார். சினமும் பொறுமையும் தனித்தனி உடல்களில் இருந்தாலும் இறப்பில் அவை பிரிவதில்லை. பகைவன் அவர்களைக் கொல்லக்கூடாது. காலம் முடிந்ததை அறிந்து அவர்களே வாளில் வீழ வேண்டும். தங்காள் தேடி வர வேண்டும். எழுந்தவர்கள் மீண்டும் போய்விட வேண்டும். இவற்றுள் ஒன்றை நீக்கினால் கதையாக அது சிறந்திருக்கலாம், ஆனால் அதைப் பாடிப் படுகளம் நடத்த முடியாது.

ஆகவே எந்தப் புதிய வடிவத்துக்கும் கொங்கு நாட்டுக் கேட்போர் தம்மையறியாமல் வைக்கும் சோதனை இதுதான். திரையில் காதல் பாடல் வந்தால் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளலாம். தெய்வத்தின் இடத்தில் ஆசான் வந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணன்மார் வென்று, நெடுநாள் வாழ்ந்து, பேரன் பேத்திகளைக் கண்டதாக ஒருவர் பாடினால் அது வேறு யாரோ இருவரின் கதை.

மீண்டு வரும் இரு வழிகள்

இதைச் சாகச வீரர்களின் மரணத்தோடு ஒப்பிடலாம். 1992இல் சூப்பர்மேன் இறந்ததாக வந்த இதழ் பல லட்சக்கணக்கில் விற்றது. 1993இல் அவர் மீண்டு வந்தார். அந்த மீட்சி நிலையானது, ஏனெனில் அடுத்த மாத இதழும் வர வேண்டும். தொடர் நிற்காமல் ஓடுவதற்காக வீரர் உயிர்த்தெழுகிறார். வாசகரின் துயரம் ஓர் ஆண்டுக்குள் திருப்பித் தரப்படுகிறது.

அண்ணன்மாரின் மீட்சி வேறு வகை. தங்காள் எழுப்பியும் அவர்கள் தங்குவதில்லை. 16 ஆண்டு என்ற கணக்கைத் தவத்தாலும் அன்பாலும் நீட்ட முடியவில்லை. கிடைப்பது ஒரு பேச்சுக்கான நேரம் மட்டும். விடைபெறாமல் போனவர்கள் விடைபெற்றுப் போகிறார்கள், அவ்வளவுதான். வேளாண் குடிகளில், மழையும் நோயும் சண்டையும் இளம் ஆண்களைத் திடீரென்று கொண்டுபோன காலத்தில், இந்த ஒரு பேச்சு கிடைக்காதவர்கள் எல்லா வீடுகளிலும் இருந்திருப்பார்கள். இறந்தவர் திரும்பி வருவார் என்று கதை அவர்களுக்கு வாக்குக் கொடுப்பதில்லை. சொல்லிக்கொண்டு போக ஒருமுறை எழுந்திருப்பார் என்று மட்டும் சொல்கிறது.

சங்கரின் பலமும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அவரால் பங்காளிகளை வெல்ல முடிகிறது, பன்றியை வீழ்த்த முடிகிறது. ஆனால் சிறு நாயைப் பொருட்படுத்தாதபோது படையே நோயில் விழுகிறது. நேரம் முடிந்தபோது எதிர்த்து நிற்கவும் அவர் முயல்வதில்லை. அவரது பலத்துக்கு எல்லை உண்டு என்பதைக் கதை மறைப்பதில்லை. அந்த எல்லைக்கு அப்பால் செயல்படுவது வாளும் வேலும் இல்லாத தங்கை.

இன்றைய நிலை

18 இரவுகள் உட்கார்ந்து கேட்கும் ஓய்வு இன்றைய ஊர்களில் அரிது. விசைத்தறியும் லாரித் தொழிலும் கோழிப்பண்ணையும் நிறைந்த சேலம்-நாமக்கல் சமவெளியில் இரவு என்பது வேலை நேரமும்கூட. கதையின் நீண்ட பகுதிகள் அச்சிலும் ஒலிப்பதிவிலும் காணொளியிலும் தங்கிவிட்டன. இளைஞர்கள் பலர் கதையைப் படத்தின் மூலமே முதலில் அறிகிறார்கள். குன்னுடையானின் இளமைக்காலம் போன்ற பகுதிகள் கேட்பாரற்றுச் சுருங்குவதும், படுகளம் மட்டும் தனித்து நிற்பதும் இதன் விளைவு.

மாறுதல்களுக்கிடையே எது தங்குகிறது என்பதற்கு இதுவே சான்று. நேரம் குறைந்தபோது ஊர்கள் வெட்டியது தொடக்கத்தையும் நடுவையும்தான். வீழ்வதையும் எழுப்புவதையும் வெட்டவில்லை. மாசி மாதத்தில் வீரப்பூருக்குச் செல்வோரில் பலருக்குக் கதை முழுவதும் தெரிந்திராது. தலையூர் எங்கே இருந்தது, வாழவந்தி யாருடைய ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாதவர்களும் இருப்பார்கள். ஆனால் களத்தில் ஒருவர் விழும்போது அவர் யார், அவரை எழுப்ப யார் வர வேண்டும் என்பது அங்கு நிற்கும் எல்லாருக்கும் தெரியும்.